பாட்டும் பாடமும்

நம் வீட்டில் சோற்றுப் பானையில் தாளமிடும் சிறுவன் ஒருவன் உளன். "புத்தகத்தை எடு!" என்று அதட்டுவதே நம் வழக்கம்.

உகண்டாவில், 'ஃபிரெஷ் கிட்' என்னும் பெயருடன், தாளத்தோடு சொல்லடுக்கும் 'ராப்' பாடி மேடைகளைக் கவர்ந்தான் ஏழு வயதுப் பாலகன். பள்ளி வயதில் பாட்டுத் தொழில் தகாதென்றார் அந்நாட்டுச் சிறுவர் நல அமைச்சர். அது 2019 ஆம் ஆண்டு. திறமையைத் தடுப்பதா என்று பலர் சினந்தனர். ஈற்றில், பள்ளி நாட்களில் படிப்பு, வார இறுதியிலும் விடுமுறையிலும் பாட்டு என்று இணக்கம் பிறந்தது.

அமைச்சரின் கவலை நியாயமே. சிறுவனின் ஆசையும் நியாயமே அன்றோ? சனிக்கிழமை ரியூசனை நிறுத்திவிட்டோம். அன்று பானை அவனுடையது.