ஃபுட்போர்டு வரை குளுவான்!

எடை மெஷின்ல ஏறி நின்னா நான் 60 கிலோ. அதில் குவார்க்குகளின் சொந்த எடை அறுநூறு கிராம் சொச்சம்தான்னா நம்புவீங்களா? மிச்சமெல்லாம் புரோட்டான், நியூட்ரானுக்குள்ளே அடைபட்டுக் கிடக்கிற ஆற்றல். அதில் கணிசமான பங்கு, குவார்க்குகளை ஒட்டிவைக்கிற குளுவான்களுடையது. காமெடி என்னன்னா, குளுவானுக்கு எடையே கிடையாது!

ஒளித்துகளான ஃபோட்டான் ரொம்ப சாது. இன்னொரு ஃபோட்டானை நேரடியாகச் சீண்டாது. குளுவான் அப்படியில்லை, சொந்த இனத்தோடேயே வம்புக்குப் போகும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 1992 முதல் 2007 வரை ஓடிய 'ஹெரா' இயந்திரத்தில் எலெக்ட்ரானை விட்டுப் புரோட்டானைத் துருவிப் பார்த்தார்கள். மோதலின் ஆற்றல் கூடக்கூட, உள்ளே தெரிகிற குளுவான் கூட்டமும் கிடுகிடுவென ஏறியது.

இப்படியே ஏறிக்கிட்டே போக முடியுமா? காலையில் துறையூர் பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ் பிடிக்கிறவங்களுக்குப் பதில் தெரியும். ஃபுட்போர்டும் நிறைஞ்சாச்சுன்னா, ஒருத்தர் இறங்கினாத்தான் ஒருத்தர் ஏறலாம். குளுவான்களும் நெருக்கம் தாங்காமல், இரண்டு சேர்ந்து ஒன்றாக ஆரம்பிக்கும். பிரிவதும் சேர்வதும் சமமானால் ஹவுஸ்ஃபுல்! இதற்குப் பெயர் செறிவுநிலை. 1994-ல் லாரி மெக்லெரனும் ராஜு வேணுகோபாலனும் எழுதிய கட்டுரைகள், இந்தக் கூட்டத்தைக் கணக்குப் போட வழி காட்டின.

அவங்க பிடித்த குறுக்குவழி, பெரிய அணுக்கரு. ஒளி வேகத்தை நெருங்கும் தங்க அணுக்கரு, நம் பார்வைக்கு தோசை மாதிரி தட்டையாகிவிடும். வரிசையில் நின்ற துகள்களின் குளுவான்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். தங்கத்தில் 197 துகள்கள். 197-ன் கனமூலம் கிட்டத்தட்ட 6. நெருக்கமும் ஏறக்குறைய அத்தனை மடங்கு!

2023-ல் செர்னின் சி.எம்.எஸ். குழு, ஈய அணுக்கருவுக்குள் இந்த ஏற்றம் மந்தமாவதை அளந்து சொன்னது. காரணம் செறிவுநிலைதானா, வேறு ஏதாவதா என்று இன்னும் தீர்ப்பு வரலை. சென்னை ஐ.ஐ.டி.யும் அந்தக் குழுவில் இருக்கு பாஸ்! தீர்ப்பு சொல்லத்தான் அமெரிக்காவின் புரூக்ஹேவனில், 3.8 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பாதையில் புதிய எலெக்ட்ரான்-அயனி மோதல் இயந்திரம் வரப்போகுது.

சரி, மூன்றாம் வருஷ ஈ.சி.ஈ. படிக்கிற எனக்கு இதெல்லாம் எதுக்கு? அடுத்த வருஷம் கேம்பஸ் இன்டர்வியூ. தலைக்கு மேல கல்விக்கடன். "ஆராய்ச்சிக்குப் போறேன்ப்பா"ன்னேன். "கடனை யாரு தம்பி கட்டுவா?"ன்னார் அப்பா. நியாயமான கேள்வி. எந்தச் சமன்பாட்டிலும் அதுக்கு விடை இல்லை.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். குளுவானைத் தேடுற இடத்தில் காந்தம், வெற்றிடக் குழாய், நொடிக்கு லட்சக்கணக்கான சிக்னலைப் பிரிக்கிற சர்க்யூட்னு இன்ஜினீயருக்குத்தான் ஏகப்பட்ட வேலை. அதனால என் கணக்கு இது: முதல்ல ஒரு வேலை, கடன் அடைப்பு, ராத்திரியில் நுழைவுத்தேர்வுக்குப் படிப்பு. அப்பாகிட்ட இதைச் சொன்னப்போ 'சரி'ன்னு சொல்லலை. 'வேண்டாம்'னும் சொல்லலை. "அந்த மிஷின் ரெடியாக எத்தனை வருஷம் ஆகும்?"னு மட்டும் கேட்டார்.

"2030-கள்ல"ன்னேன்.

"அதுக்குள்ள கடன் முடிஞ்சுடும்"னார்.