அத்தையும் புதுப் பெட்டியும்

2018-ம் வருஷம், குற்றாலத்தில் சாரல் தொடங்கிய சமயம். தென்காசியில் தனியாக இருக்கும் என் மாமியாரைப் பார்க்கக் குழந்தையோடு போயிருந்தேன். மத்தியானம் டி.வி. சத்தம் கேட்காத வீடாக அதை நான் பார்த்ததே இல்லை. அன்று டி.வி. மேல் துணி போர்த்தியிருந்தது.

"என்ன அத்தை, டி.வி. போடலையா?"

"கண்ணு வலிக்கு தாயி. அதான் பாக்கதில்ல."

சாயந்தரம் பக்கத்து வீட்டு மதினி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. இருபது நாளாகப் படமே வரவில்லையாம்! கேபிள்காரர் ஒரு பெட்டியைக் கையில் கொடுத்து, "வீட்டுல சின்னவங்க மாட்டிருவாங்க" என்று போய்விட்டாராம். அந்த வீட்டில் சின்னவர்கள் ஏது? பெட்டி பிரிக்கப்படாமல் அரிசிப் பானை பக்கத்தில் கிடந்தது.

எங்களிடம் ஏன் கேட்கவில்லை? எனக்குச் சுருக்கென்றது. போன தடவை அவர் கையிலிருந்த செல்போனை வாங்கி, "உங்களுக்கு இதெல்லாம் புரியாது அத்தை" என்றவள் நான்தானே!

விஷயம் இதுதான். பழைய கேபிளில் ஒவ்வொரு சேனலுக்கும் தனிப் பாதை வேண்டும். டிஜிட்டல் முறையில் படத்தையும் ஒலியையும் எண்களாக்கிச் சுருக்கி அனுப்புவதால், ஒரே பாதையில் பல சேனல்கள் வரும். அதைப் பழைய டி.வி.க்குப் புரிய வைப்பதே அந்தப் பெட்டி; புது டி.வி. வாங்கத் தேவையில்லை. சென்னை போன்ற பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31, கிராமங்களுக்கு 2017 மார்ச் 31 என்று அரசாங்கம் கெடு வைத்திருந்தது. தமிழ்நாடு அரசு கேபிள் நிறுவனம் 2017 செப்டம்பரில் இலவசப் பெட்டி கொடுக்கத் தொடங்கியது. பெட்டி வந்தது; சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை அதே நிறத் துவாரங்களில் சொருகினேன். இரண்டு ரிமோட் அத்தையைக் குழப்பியது. பெட்டி ரிமோட்டின் பட்டனில் சிவப்பு நகப்பூச்சு வைத்தேன். அவருக்குப் பிடித்த ஐந்து சேனல்களின் எண்களைக் காலண்டர் அட்டையில் பெரிதாக எழ்தி மாட்டினேன். பிறகு ரிமோட்டை நான் தொடவே இல்லை. பத்துத் தடவை அவரையே போட்டு அணைக்கச் சொன்னேன்.

ஊர் திரும்பிய மறுநாள் போன் வந்தது. "ஏ பிள்ள, நானே போட்டுட்டேன்!" பின்னால் செய்தி வாசிக்கும் சத்தம்.

சகோதரிகளே, இன்று காஸ் பதிவு, பாங்க் என எல்லாமே போனுக்கு மாறிவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் "கண்ணு வலிக்கு" என்று சொன்னால், ஒரு நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.