கத்தரிக்கோலை எடுத்தாலே கை நடுங்கும்!

எங்கள் ஊர் ஆலங்குளம். தென்காசிப் பக்கம் இதே பெயரில் இன்னொரு ஊர் இருப்பதால், "சிமெண்ட் ஆலங்குளமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வெளியூர்க்காரர்கள் அடுத்த பேச்சுக்கு வருவார்கள். ஆமாம், 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை வந்த அதே ஆலங்குளம்தான். இந்த ஊரில் வீட்டு முன்கட்டில் ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். சொல்வதற்கு ஒரே வரி. ஆனால் இந்த ஒரு வரிக்கு வந்து சேர எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று!

பத்தாவது முடித்த கையோடு அம்மா என்னைத் தையல் வகுப்பில் சேர்த்துவிட்டார். 1998-ல் கல்யாணமானபோது சீர்வரிசையோடு ஒரு கால்மெஷினும் வந்தது. புகுந்த வீட்டில் என் திறமையைக் காட்ட வேண்டுமே என்ற ஆசையில், தலைத் தீபாவளிக்கு நாத்தனாருக்கு ஒரு ரவிக்கை தைத்தேன். போட்டுக்கொண்டு வந்தவர், பந்தியில் அத்தனை பேர் முன்னிலையில் சொன்னார்: "மூச்சு விடவா, ஜாக்கெட் போடவா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க மதினி!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அன்று சாயங்காலமே மறந்தும் போயிருப்பார். நான் மறக்கவில்லை. மெஷினை மூடி, அதன் மேல் ஒரு விரிப்பைப் போட்டேன். பிறகு அந்த விரிப்பின் மேல் டிவி வந்து உட்கார்ந்தது. என் பெண்களுக்குப் பாவாடை தைக்கும்போது மட்டும் டிவி கீழே இறங்கும். யாராவது, "உனக்குத்தான் தைக்கத் தெரியுமே, எனக்கு ஒண்ணு தச்சுக் குடேன்" என்று கேட்டால், "எனக்கு அவ்வளவாகத் தெரியாதுங்க" என்று நழுவிவிடுவேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. என்னவர் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். மில்லும் மூடியது, பஸ்ஸும் நின்றது. இரண்டு பெண்களும் படித்துக்கொண்டிருந்த நேரம். பத்து நாளில் அரிசி டின்னின் அடி தெரிந்தது. முகக்கவசத்துக்குத் தட்டுப்பாடாக இருந்த சமயம் அது. என்னவர் ஒன்றும் பேசாமல் டிவியைத் தூக்கிக் கீழே வைத்தார். மெஷினுக்கு எண்ணெய் விட்டார். பழைய வேட்டியிலும் பருத்திப் புடவையிலும் கவசம் தைத்தேன். ஒன்று 10 ரூபாய். அதில் பயம் இல்லை. முகக்கவசத்துக்கு ஏது கழுத்தும் கையும்?

கவசத்துக்கு வந்த எதிர்வீட்டு மதினிதான் ஒரு ஜாக்கெட் துணியையும் வைத்துவிட்டுப் போனார். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. உள்ளங்கை வேர்த்தது. நான்கு நாள் துணியைத் தொடவில்லை. சமையல் வேலையிலும் மூச்சு வாங்கவே, அரசு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்து, ரத்தம், தைராய்டு இரண்டுக்கும் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். தைராய்டு சரி. ஆனால் ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 9-தான் இருந்தது. "ரத்தசோகையும் இருக்கு, பயமும் இருக்கு. ஒண்ணுக்கு மாத்திரை தர்றேன், இன்னொண்ணுக்கு நீங்கதான் மருந்து" என்றார் சிரித்துக்கொண்டே.

சகோதரிகளே, இதை ஏன் சொல்கிறேன் என்றால், படபடப்பை எல்லாம் 'மனசுதான் காரணம்' என்று நாமாகத் தள்ளிவிடக் கூடாது. முதலில் உடம்பைக் காட்டிவிட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் வேளையில் காபி, டீ குடிக்காதீர்கள். சத்து உடம்பில் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். பயத்துக்கு டாக்டரம்மா ஒன்று சொல்லிக் கொடுத்தார். மூச்சை இழுப்பதை விட, விடுவதை மெதுவாக, நீளமாக விட வேண்டும். பத்துத் தடவை அப்படி விட்டால் படபடப்பு தணிகிறது. எனக்குத் தணிந்தது.

மிச்ச மருந்தை என் மாமியார் கொடுத்தார். துணியும் கையுமாக நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "அடுப்புல கை சுட்டுக்கிட்டோம்னு சோறு பொங்காமலா இருக்க? வெட்டுத்தா!" என்றார். முதலில் பழைய செய்தித்தாளில் அளவு போட்டு வெட்டினேன். அதை அளவு ஜாக்கெட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். மூன்று தாள் வீணானது. நாலாவது தாள் சரியாக வந்தது. பிறகுதான் துணியில் கத்தரிக்கோல் வைத்தேன். மதினிக்கு ஜாக்கெட் கச்சிதமாகப் பொருந்தியது.

ஒரு பயம் போனால் இன்னொன்று வந்து நின்றது. காசு கேட்கும் பயம்! "எவ்வளவு?" என்று கேட்டால், "குடுக்குறதைக் குடுங்க" என்பேன். லைனிங் வைத்த ஜாக்கெட்டுக்கு 100 ரூபாய் கொடுத்தார்கள். என் மூத்த பெண் ஒருநாள் கணக்குப் போட்டாள். லைனிங் துணி 50, நூலும் கொக்கியும் 10. மிச்சம் 40. மூன்றரை மணி நேரம் குனிந்து தைத்ததற்கு நாற்பதே ரூபாய்! "அம்மா, கூலியைக் குறைச்சுச் சொன்னா, 'என் தையல் அவ்வளவுதான்'னு நீயே சொல்ற மாதிரி இல்லையா?" என்று கேட்டாள். சுருக்கென்றது. மறுநாள் ஒரு அட்டையில் கூலியை எழுதி மெஷினுக்குப் பின்னால் சுவரில் ஒட்டினேன். வாயால் கேட்க முடியாததை அட்டை கேட்டது. இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். மற்றவர்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அப்படித் தட்டுத்தடுமாறி நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த முகூர்த்த ஜாக்கெட் வந்தது. கல்யாணப் பெண்ணின் பட்டுப்புடவையோடு சேர்ந்த துணி. கரை அதோடு முடிந்துவிட்டது. வேறு துணி கிடைக்காது. ரவிக்கையின் கையில் முன்பக்கம் சற்று அதிகமாகக் குடைந்து வெட்ட வேண்டும் என்பது தைக்கிறவர்களுக்குத் தெரியும். துணியை மடித்துப் போட்டு வெட்டினால் இடதும் வலதுமாகத் தானே வந்துவிடும். கரை வீணாகக் கூடாதே என்று தனித்தனியாக வெட்டிய நான், இரண்டையும் வலது கையாகவே வெட்டிவிட்டேன்! சாதாரணத் துணி என்றால் உள்பக்கத்தை வெளியே திருப்பிக்கொள்ளலாம். ஜரிகைப் பட்டில் அது நடக்குமா?

கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்ததையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு வெட்டிய துணியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன். "தப்பா வெட்டிட்டேன்க்கா. ரெண்டு கையையும் முக்கால் இஞ்ச் குறைச்சா சரியாயிடும். அதுக்கு நீங்க சம்மதிக்கணும்" என்றேன். அந்த அம்மா பேசிய பேச்சை இங்கே எழுத வேண்டாம். அவர் நிலையில் நானாக இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பேன். கடைசியில் கல்யாணப் பெண்தான், "கை கொஞ்சம் குட்டையா இருந்தா என்னம்மா, தைக்கட்டும்" என்றாள். தைத்துக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. அந்த அம்மா பிறகு என்னிடம் வரவும் இல்லை.

மறுபடி மெஷின் மேல் விரிப்பு ஏறியது. ஒரு வாரம் ஆகியிருக்கும். என் இளைய பெண் எதையோ படித்துக்கொண்டு வந்து, "அம்மா, இதைக் கேளேன்" என்றாள். சென்னையில் பாட்ரிசியா நாராயண் என்ற பெண்மணியின் கதை அது. வீட்டில் ஊறுகாயும் ஜாமும் போட்டு விற்றுக்கொண்டிருந்தவர், 1982-ல் மெரினா கடற்கரையில் ஒரு தள்ளுவண்டி போட்டார். கணவரால் உதவியில்லை, கையில் இரண்டு குழந்தைகள். முதல் நாள் முழுக்க நின்று அவர் விற்றது ஒரே ஒரு காபி. அதன் விலை 50 காசு! அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தவரை, ஒரு காபியாவது விற்றதே என்று அவருடைய அம்மாதான் தேற்றினாராம். மறுநாள் 600, 700 ரூபாய்க்கு விற்றது. பிறகு கேன்டீன்கள் நடத்தினார். 2004-ல் மகளையும் மருமகனையும் சாலை விபத்தில் பறிகொடுத்தார். அந்த மகளின் பெயரிலேயே 'சந்தீபா' உணவகத்தை 2006-ல் தொடங்கினார். 2010-ல் ஃபிக்கி அமைப்பு சிறந்த பெண் தொழில்முனைவோர் விருதை அவருக்குக் கொடுத்தது.

விருதைக் கேட்டு என் பெண் வியந்தாள். நான் வியந்தது அந்த இரண்டாவது நாளை நினைத்துத்தான். முதல் நாள் வண்டி தள்ளுவதற்கு ஆசை போதும். ஐம்பது காசோடு திரும்பி வந்த பிறகு, மறுநாள் அதே வண்டியை அதே இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போக எவ்வளவு மனசு வேண்டும்! எனக்கு இரண்டாவது நாள் வர இருபத்திரண்டு வருஷம் ஆயிற்றே! இந்தத் தடவையும் அப்படி விடுவதா? அன்றைக்கே விரிப்பை எடுத்தேன்.

கூடவே ஒரு பழக்கமும் தொடங்கினேன். பழைய கணக்கு நோட்டில் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் 'பயந்தது', வலது பக்கம் 'நடந்தது'. "கழுத்து இறங்கிவிடும், திட்டுவார்" என்று இடது பக்கம் எழுதுவேன். "கழுத்து சரி. கொக்கி ஒன்று கழன்றது. தைத்துக் கொடுத்தேன்" என்று வலது பக்கம் வரும். முதல் மாதத்தில் 31 பயங்கள் எழுதியிருந்தேன். நடந்தது நான்கு. நான்கும் தையலைப் பிரித்துச் சரிசெய்யக் கூடியவைதான். அந்தக் கல்யாண ஜாக்கெட்டால் ஊரே சிரிக்கும் என்று பயந்திருந்தேன் அல்லவா? ஊருக்கு அதனதன் வேலை இருந்தது. ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மோட்டாரும் ஓவர்லாக் மெஷினும் வாங்க எங்கள் மகளிர் குழுவில் கடன் கேட்டபோது, கையெழுத்துப் போடும் இடத்தில் பழைய நடுக்கம் எட்டிப் பார்த்தது. குழுத் தலைவி ஒரு விஷயம் சொன்னார். தமிழ்நாட்டில் இந்த மாதிரிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கினவாம். அதற்கும் முன்னால், 1974-ல் அகமதாபாத்தில் 4,000 ஏழைப் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு 'சேவா' வங்கியையே தொடங்கினார்கள். "அவங்கள்ல எழுதப் படிக்கத் தெரியாதவங்கதான் அதிகம். நீ பத்தாவது படிச்சவ, பயப்படுறியே!" என்றார். போட்டேன் கையெழுத்தை. 15,000 ரூபாய்க் கடன் ஒன்றரை வருஷத்தில் அடைந்தது.

தொழில் தொடங்க நினைக்கும் தங்கைகளுக்கு என் அனுபவத்தில் நாலு வார்த்தை. லைனிங் துணியை ராத்திரியே ஊறவைத்துக் காயப்போட்டு வெட்டுங்கள்; பிறகு சுருங்காது. அளவு ஜாக்கெட்டில் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பட்டுத் துணியைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் வெட்டுங்கள். கூலியை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். தேதியை ஒருநாள் தள்ளியே சொல்லுங்கள். நைட்டி என்றால் தளவாய்புரத்து ரெடிமேடு போதும், யாருக்கும் பொருந்தும். ஜாக்கெட் அப்படி இல்லையே! அதனால் நமக்கு எப்போதும் வேலை இருக்கும்.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. பட்டை விரித்தால் இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கிறது. துடைத்துக்கொண்டு, இரண்டு தடவை அளந்துவிட்டு வெட்டுகிறேன். அந்த மட்டில் பயமும் எனக்கு ஒரு உதவிக்கு ஆள்தான்.

போன ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் பார்க்க வந்த நாத்தனார், எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். கிளம்பும்போது பையிலிருந்து ஒரு ஜாக்கெட் துணியை எடுத்து மெஷின் மேல் வைத்தார். அவருக்கும் அது ஞாபகம் இருந்திருக்கிறது!

"மதினி, இந்தத் தடவை மூச்சு விடவும் கொஞ்சம் இடம் வச்சுத் தைங்க!"

இருவரும் சிரித்தோம். நோட்டில் இடது பக்கம் எழுதிவிட்டு, டேப்பை எடுத்தேன்.