பழைய லெப்டொப்பைத் தூக்கி வீச முன்



2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்ததிலிருந்து எங்களிடம் வருகிற கேள்வி ஒன்றுதான். "சேர், வீட்டில கிடக்கிற லெப்டொப் இனிச் சரிவராதா?" விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 சிப் வேண்டும். இன்டெல் புரொசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். கல்பிட்டியிலிருந்து பாலாவி வரை நம் வீடுகளில் இருப்பவையோ கட்டாரிலிருந்தும் குவைத்திலிருந்தும் நானாமார் கொண்டுவந்த 2012, 2013 காலத்து மெஷின்கள்.

சரிவரும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஈ ஏற்றினால் 4 ஜிபி ரெம்மிலேயே நன்றாக ஓடும். ஆனால் சில மெஷின்கள் படுத்தும் பாடு தனி. அப்படி ஒன்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிற பிள்ளை. வாப்பா கடலுக்குப் போகிறவர். வீட்டில் ஒரே லெப்டொப். அதில்தான் பைதன் பயிற்சி. சாச்சாவின் மகன் 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு லினக்ஸும் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். இரவு அருமையாக ஓடியது. காலையில் "நோ பூட்டபிள் டிவைஸ்". திரும்ப ஏற்றினார், ஓடியது. மறுநாள் அதே கதை. மூன்று தடவை. ஒரு கடையில் காட்டியபோது போர்ட் போய்விட்டது, புதிது எடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். உம்மாவின் காப்பை அடகு வைக்கிற பேச்சு வீட்டில் தொடங்கிய பிறகுதான் எங்களிடம் வந்தது.

முதலில் எஸ்எஸ்டியைக் கழற்றி யூஎஸ்பி வயரில் வேறொரு கணினியில் செருகிப் பார்த்தோம். ஃபைல்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. ஸ்மார்ட் பரிசோதனையும் பிழை காட்டவில்லை. அப்படியென்றால் டிஸ்க் நல்லது, லினக்ஸும் அழியவில்லை. மெஷின்தான் அதைத் தேடிப் பிடிக்கிறதில்லை.

பயோஸுக்குள் போனோம். பூட் முறை 'லெகசி' என்று இருந்தது. லினக்ஸ் ஏற்றப்பட்டதோ 'யூஈஎஃப்ஐ' முறையில். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் டிஸ்க் இருந்தும் இல்லாத மாதிரித்தான். மாற்றி சேவ் செய்தோம், உடனே ஓடியது. சார்ஜரைக் கழற்றி மேசை மாற்றி வைத்துத் திரும்பப் போட்டால் மறுபடியும் லெகசி!

அப்போதுதான் அந்தப் பிள்ளை பயோஸ் திரையைக் காட்டிக் கேட்டது: "சேர், இதில ஏன் 2012 ஜனவரி 1 என்டு இருக்கு?"

விசயம் அதுதான். உள்ளே இருக்கிற சீமோஸ் பட்டரி செத்திருந்தது. சிஆர்2032 என்கிற நாணயம் அளவு பட்டரி. திகதியையும், அந்த மொடலில் பூட் முறையையும் அதுதான் ஞாபகம் வைத்திருக்கிறது. பெரிய பட்டரியும் ஏற்கெனவே செத்துவிட்டதால் கரண்ட் போகும்போதெல்லாம் மெஷின் பிறந்த நாளுக்கே திரும்பிவிடும். கடல் காற்றில் லைன் அடிபட்டுக் கரண்ட் போவது இங்கே புதிதில்லை. நுரைச்சோலை பக்கத்தில் இருப்பதால் நமக்குத் தனிச் சலுகை ஒன்றும் கிடையாதே. லினக்ஸுக்குள் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. கடைசியாகச் சேமித்த நேரத்தை வைத்துக்கொள்ளும், இன்டர்நெட் கிடைத்ததும் மிச்சத்தையும் திருத்திக்கொள்ளும்.

லெப்டொப்பில் இந்தப் பட்டரி பெரும்பாலும் இரண்டு வயரோடும் சின்னப் பிளக்கோடும் வரும். வயரோடு இருப்பதையே கேட்டு வாங்குங்கள், சாதாரண பட்டரியில் ஈயம் வைக்கப் போக வேண்டாம். அது கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. மெஷின் எந்த முறைக்குத் திரும்பிப் போகிறதோ, அந்த முறையிலேயே பென் டிரைவைப் பூட் செய்து லினக்ஸை ஏற்றிவிடுங்கள். பிறகு அது எதை மறந்தாலும் பிரச்சினை இல்லை. லெகசியில் எம்பிஆர் முறை 2 டெராபைட் வரைதான் தாங்கும்; 240 ஜிபிக்கு அது போதும், போதும். பட்டரி தேடி அலையாமல் நாங்கள் செய்ததும் இதைத்தான். அல்ஹம்துலில்லாஹ், அதற்குப் பிறகு அந்த லெப்டொப் வரவில்லை, பிள்ளையின் பைதன் கேள்விகள்தான் வருகின்றன.

லினக்ஸ் என்றால் என்னமோ வெளிநாட்டுக்காரர் விளையாட்டு என்று சிலர் நினைக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண வேலைக்காக நம் நாட்டில் எழுதப்பட்ட 'சஹானா'வும் இதே கட்டற்ற மென்பொருள் வகைதான். பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் அதைப் பாவித்தார்கள்.

தமிழ் டைப்பிங் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஐபஸ் எம்17என் என்பதைப் போட்டால் நம் ரெங்கநாதன் கீபோர்ட் அப்படியே வரும்.

சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நாங்கள் இருப்போம், இன்ஷா அல்லாஹ். லெப்டொப்போடு சார்ஜரையும் கொண்டு வாருங்கள். கழற்றிய பழைய டிஸ்க்கை யாரும் ஃபோர்மட் பண்ணிவிட வேண்டாம். யூஎஸ்பி கேஸில் போட்டு நோட்ஸ், கல்யாண ஃபோட்டோ எல்லாம் எடுக்கலாம். விண்டோஸ் சரியாக ஷட்டவுன் ஆகாத டிஸ்க் லினக்ஸில் சிலவேளை வாசிக்க மட்டும் திறக்கும். பயப்பட வேண்டாம், கொப்பி பண்ண அது போதும்.