கடல் கடக்கும் செவிலியரும் கரையில் நிற்கும் நாமும்

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். விழுப்புரத்திலும் ஜோலார்பேட்டையிலும் வண்டி ஏறிய நம் பாட்டன்மார் ஒரு தகரப் பெட்டியும் ஒரு படுக்கைச் சுருளுமாக நாகபுரியில் வந்து இறங்கினர். ஆதலின் பிரிவு என்பது நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. இன்று நம் வீட்டுப் பெண்கள் செவிலியர்களாகக் கடல் கடந்து செல்கின்றனர். இதுவும் அந்தப் பழைய பயணத்தின் தொடர்ச்சியே, தூரம் மட்டுமே சற்று அதிகம் என்று கூறுவோர் நம்மிடையே பலர். எங்கள் தங்கை பிரிட்டனுக்குச் சென்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இவ்விரண்டு ஆண்டுகளில் நாங்கள் கண்டது வேறு.

ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் எங்களுக்கு மாற்றல் என்பது இன்னதென்று நன்கு தெரியும். நாகபுரியிலிருந்து புசாவலுக்கு மாற்றினாலும் அதே படிவம், அதே பதிவேடு. இங்கே அறிந்த வேலையை மறுநாள் காலையே அங்கே தொடரலாம். செவிலியரின் நிலை அத்தகையதன்று. எங்கள் தங்கை நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பை முடித்து, ஐந்து ஆண்டுகள் வார்டில் பணியாற்றியவள். இரவுப் பணியில் முப்பது நோயாளிகளைத் தனியொருத்தியாகக் கவனித்தவள். ஆனால் விமானத்தினின்று இறங்கிய அன்று, தன்னைப் பதிவு பெற்ற செவிலியர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவளுக்கு இல்லை. அந்நாட்டுச் செவிலியர் மன்றத்தின் பதிவேட்டில் பெயர் ஏறும் வரை அவள் மீண்டும் ஒரு மாணவியே.

அப்பதிவேட்டை அடையும் படிகள் பல. முதலில் ஆங்கிலத் தேர்வு. ஐஈஎல்டிஎஸ் என்னும் தேர்வானால் கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 என்ற அளவை எட்டவேண்டும். அடுத்தது கணினி வழித் தேர்வு. இவ்விரண்டையும் இங்கிருந்தே எழுதலாம். மூன்றாவதாகிய செய்முறைத் தேர்வை அங்கே சென்றுதான் முடிக்க வேண்டும். அதில் 10 நிலையங்கள். நோயாளியை மதிப்பிடுதல், திட்டம் வகுத்தல், மருந்து கொடுத்தல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் போன்றவற்றைத் தேர்வாளர் முன்னிலையில் செய்து காட்ட வேண்டும். செய்தால் மட்டும் போதாது. தன் பெயரைச் சொல்லி, நோயாளியின் பெயரைக் கேட்டு, தொடுமுன் அவருடைய இசைவைப் பெற்று, செய்வது ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நெரிசல் மிகுந்த நம் வார்டுகளில் பேசாமல் விரைந்து வேலை முடிப்பவளே திறமைசாலி. அங்கோ பேசாமல் செய்யும் வேலை செய்யாத வேலைக்குச் சமம்.

அவள் சென்ற ஆறாவது வாரத்தில், அத்தேர்வுக்கு ஒன்பது நாட்கள் இருக்கையில், எங்கள் தந்தையாருக்குப் பக்கவாதம் கண்டது. இடக் கையும் இடக் காலும் விழுந்தன, பேச்சுக் குழறியது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கூடிய உறவினரும் அண்டை வீட்டாரும் ஒரே குரலாகச் சொன்னது, "பெண்ணுக்குத் தெரிவிக்காதீர்கள், தேர்வு கெட்டுவிடும்" என்பதே. அவர்கள் சொன்னதில் அன்பு இருந்தது. எனினும் அன்றிரவே நாங்கள் அவளுக்குத் தெரிவித்தோம்.

அவள் அழவில்லை. "நோய் கண்டது எத்தனை மணிக்கு? இரத்த அழுத்தம் எவ்வளவு? வாய் வழியாக ஏதேனும் கொடுத்தீர்களா, அண்ணா?" என்று வரிசையாகக் கேட்டாள். அந்நேரம் எங்கள் அத்தை, வெறும் வயிறாகக் கிடக்கிறாரே என்று இரங்கி, தந்தையார் வாயில் ஊற்றுவதற்காகக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். "விழுங்கும் திறனை மருத்துவர் சோதித்துப் பார்க்கும் வரை ஒரு துளி நீரும் வாயில் விடாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும்" என்றாள் தங்கை. கஞ்சிக் கிண்ணம் கீழே வைக்கப்பட்டது. மறுநாள் மருத்துவர் சோதித்தபோது விழுங்குதல் சரியாக இல்லை; குழாய் வழியாகவே உணவு கொடுத்தனர். படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கும் முறையையும் அவளே திரையில் காட்டிக் கொடுத்தாள். நாங்கள் முறை வைத்துச் செய்தோம். இன்று தந்தையார் கோலூன்றி நடக்கிறார்.

ஒன்பதாம் நாள் அவள் தேர்வுக்குச் சென்றாள். ஒன்பது நிலையங்களில் தேறி, ஒன்றில் தவறினாள். "நாங்கள் அன்றே சொன்னோமே!" என்றனர் பலர். அவள் கூறிய காரணம் வேறு. மருந்து கொடுக்கும் நிலையத்தில், ஒவ்வாமை உண்டா என்று நோயாளியை வாய்விட்டுக் கேட்க விட்டுப்போயிற்றாம். அட்டையைக் கண்ணால் பார்த்ததோடு நின்றுவிட்டாளாம். ஐந்தாண்டுப் பழக்கம் அது. தவறிய பகுதியை மட்டும் மறுமுறை செய்து காட்டித் தேறினாள். பிறகு ஒருநாள் அவளே சொன்னாள்: "அன்று மறைத்திருந்தால், அதன்பின் நீங்கள் 'எல்லாரும் நலம்' என்று சொல்லும் எந்த நாளிலும் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டேன்." பிறர் நோயைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவளிடம் வீட்டு நோயை மறைப்பது அவள் கல்வியை மதியாத செயல் என்பதே எங்கள் கருத்து.

இனிப் பணத்தைப் பற்றிச் சில சொற்கள். இங்கிலாந்தின் அரசு மருத்துவப் பணியில், பதிவு பெற்ற செவிலியரின் தொடக்கச் சம்பளம் 2025-26ஆம் ஆண்டுக்கு 31,049 பவுண்டு. இதை ரூபாயால் பெருக்கிப் பார்த்து மலைப்பவர் பலர். அவள் அதை ரூபாயில் செலவழிப்பதில்லை. வருமான வரியும் தேசியக் காப்பீடும் ஓய்வூதியப் பிடித்தமும் போக, வீட்டு வாடகையும் குளிர்காலக் கணப்புச் செலவும் பவுண்டிலேயே கழிகின்றன. பதிவுக்கு முந்திய மாதங்களிலோ சம்பளம் இதனினும் குறைவு. அம்மாதங்களில் அவளிடம் பணம் எதிர்பார்க்கலாகாது; கடனை அவள் தலையில் ஏற்றி அனுப்பவும் ஆகாது.

எங்களிடமும் ஒரு தரகர் வந்து நான்கு லட்சம் கேட்டார். இங்கிலாந்து அரசின் ஆட்சேர்ப்பு நெறிமுறை, வேலைக்கு வருபவரிடம் ஆட்சேர்ப்புக் கட்டணம் வாங்கலாகாது என்கிறது. நம் நாட்டிலும் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் விதிகள் முகவரின் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும் என்று எல்லை வகுத்தன. தமிழ்நாட்டில் 1978 முதல் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. இவற்றை அறிந்திருந்ததால் தரகரை வணங்கி அனுப்பிவிட்டோம். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது: செவிலியர் வேறு, பராமரிப்புப் பணியாளர் வேறு. செவிலியர் வேலை என்று வாயால் சொல்லிப் பராமரிப்புப் பணிக்குத் தாள் கொடுப்போர் உண்டு. பராமரிப்புப் பணியாளரை வெளிநாடுகளிலிருந்து புதிதாக அழைப்பதைப் பிரிட்டன் 2025 ஜூலை 22 முதல் நிறுத்திவிட்டது. ஆதலின் ஒப்பந்தத்தில் பணியின் பெயர் என்ன, இடையில் விலகினால் திருப்பிக் கட்டவேண்டிய தொகை எவ்வளவு என்பவற்றைக் கையெழுத்துக்கு முன் வரி வரியாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கியபோது, தம் பெண்களை அங்கே அனுப்பத் தயங்கிய குடும்பங்களே மிகுதி. அங்கே 1946இல் பட்டப்படிப்பு வந்த பின்னரும், பிறர் உடலைத் தொட்டுத் துடைக்கும் வேலை என்ற ஏளனம் உடனே மறையவில்லை. இன்று திருமணப் பேச்சில், வெளிநாட்டில் செவிலியராக இருக்கும் பெண் வேண்டுமென்று கேட்டு வருகிறார்கள். ஏளனம் போனது நன்று. ஆயினும் அவர்கள் விசாரிப்பது விசாவையும் சம்பளத்தையுமே. அவள் வேலையை ஒருவரும் விசாரிப்பதில்லை.

நாம் செய்யக்கூடியவை சிலவே. அங்கே கோடையில் நான்கரை மணியும் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் நம்மைவிடப் பின்தங்கிய நேரம். அதை நினைவில் வைத்து, இரவுப் பணி முடித்து உறங்குபவளை எழுப்பாதிருத்தல் ஒன்று. அவள் ஒரு தேர்வில் தவறினால் ஊருக்குச் சொல்லிப் புலம்பாதிருத்தல் மற்றொன்று. வீட்டில் நல்லதோ கெட்டதோ நடந்தால், நடந்ததை நடந்தபடியே சொல்லுதல் மூன்றாவது. எங்கள் தங்கை இப்போது பக்கவாத வார்டில் பணிபுரிகிறாள். புதிதாக வரும் நோயாளிக்கு விழுங்கும் சோதனை முடியாமல் ஒரு மடக்குத் தேநீரும் கொடுக்க அவள் விடுவதில்லையாம். அங்கே யாரோ ஒருவருடைய தந்தை அவளால் நலம் பெறுகிறார். அதைக் கேட்கும்போது எங்கள் தந்தையார், இன்னும் சற்றே குழறும் குரலில், "நம் பெண் அல்லவா!" என்கிறார்.