உகந்தைமலை நிழல்

அல்ப்ஸ் மலைக் கணவாயொன்றில், பனியில் வழிதவறுவோரைக் காப்பதற்கெனப் பதினோராம் நூற்றாண்டில் துறவியர் நிறுவிய சென் பேர்னாட் மடத்தைப்பற்றி வகுப்பில் கூறிக்கொண்டிருந்தோம். "நம் பக்கத்தில் அத்தகைய மலைத் தங்குமிடம் உண்டா?" என்று மாணவனொருவன் வினவினான். விடையை நேரிலே காட்ட எண்ணி, கதிர்காமக் கொடியேற்றம் நெருங்கிய வேளையில் மாணவர் சிலரை உகந்தைமலைக்கு அழைத்துச் சென்றோம்.

மட்டக்களப்பு மாமாங்கேசுவரரை வணங்கிப் புறப்படும் பாதயாத்திரிகர், வாவியின் மேற்குக் கரையிலுள்ள மண்டூர் முருகனையும், பின் திருக்கோவில் வேலவனையும் தொழுது, பொத்துவில், பாணமை கடந்து உகந்தையை அடைவர். அதற்கப்பால் குமண, யால வனங்கள். யானையும் கரடியும் உலவும் வழி. கதிர்காமத்தைச் சேர ஏறத்தாழ ஐந்து நாட்கள் நடத்தல் வேண்டும். தனியே போவது தகாது. ஆதலின் யாவரும் இங்கே தங்கித் துணை சேர்வர்.

கடலோரத்தே கரும்பாறைக் குன்று. அடிவாரத்தில் முருகன் கோயில், உச்சியில் வள்ளியம்மன் கோயில். கச்சான் காற்று வறட்டும் நாளிலும் பாறைச் சுனைகளில் நீர் காணலாம். முருகன் கல்லோடத்தில் வந்திறங்கிய இடம் இதுவென்பது ஐதிகம். நெடுங்காலம் நடந்து வந்தோருக்கு மரநிழலும் சுனைநீருமே மடமாய் இருந்தன.

இவ்வழிக்கு இடையூறுகளும் நேர்ந்தன. 1870களில் வாந்திபேதிக்கு அஞ்சிய ஆங்கில அரசு கதிர்காம யாத்திரிகரின் தொகையைக் கட்டுப்படுத்தியது. 1983இன் வன்செயல்களை அடுத்து நெடுவழி யாத்திரை நின்றது. 1988இல் சிறு குழுவொன்று மீண்டும் நடந்து அதனைத் தொடக்கியது. இன்று ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். காட்டுவழியோ குறித்த நாட்களில் மட்டுமே திறக்கப்படுகிறது.

மரத்தடியில் உணவருந்தி எழுந்தோம். இலைகளையும் வெற்றுப் போத்தல்களையும் மாணவர் அப்படியே விட்டு நடந்தனர். அருகிலிருந்த மூதாட்டி ஒருவர் யாதும் கடிந்துரையாது, குழைக்கொத்தொன்றை ஒடித்து அவ்விடத்தைக் கூட்டத் தொடங்கினார். நாம் வெட்கித் தடுத்தோம்.

"கூட்டிப்போட்டுப் போங்க மனே, பின்னால வாறவங்க படுக்கோணுமே" என்றார்.

சிறுமியாய்த் தாயுடன் நடந்து வந்தவராம் அவர். பின்னர் பல்லாண்டுகள் பாதை அடைபட்டுக் கிடந்தது. திறந்தபோது தாய் உயிருடன் இல்லை. "இந்த மரத்தடியத்தான் அம்மா கூட்டுவா" என்று மட்டும் சொன்னார்.

வினா எழுப்பிய மாணவனே முதலிற் குனிந்தான். "குழையைத் தாங்க பெத்தா" என்று வாங்கிக் கூட்டினான். மற்றவர் போத்தல்களைப் பொறுக்கிச் சாக்கில் இட்டனர். சென் பேர்னாட் மடத்தைத் துறவியர் காத்தனர். உகந்தையின் நிழலைக் காப்பவர் அங்கே தங்கிச் செல்பவரே. அன்று மாலை பாணமை வழியே நடந்து வந்த ஒரு குடும்பத்தார் அந்த மரத்தடியிற் பாய் விரித்ததைக் கண்ட பின்னரே நாம் ஊர் திரும்பினோம்.