வெட் புளூவும் ஓ.டி.யும்



2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. அந்த வாரம் ஆம்பூர் பக்கம் ஒரு காலனியில் மகளிர் குழுக் கூட்டம். ஷூவின் மேல்பாகம் தைக்கிற அக்கா ஒருவர் கேட்டார்: "ஏம்மா, வரி போட்டது அமெரிக்காக்காரன். என் ஓ.டி.ய ஏன் நிறுத்துறாங்க?"

வரியைக் கட்டுவது அங்கே இறக்குமதி செய்பவன். அவன் இங்கே விலையைக் குறைக்கச் சொல்வான், கம்பெனி கூலியில் கை வைக்கும். நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா, "கடைசியில எங்க தலையில" என்று முடித்துவிட்டார்.

இதைத்தான் சுதந்திரச் சந்தைக்காரர்களும் சொல்கிறார்கள்: இறக்குமதி வரி என்பது ஒரு அரசு தன் மக்கள் மீதே போடும் வரி, இரண்டு பக்கமும் நட்டம் என்று. இந்த இடத்தில் நான் அவர்களோடு நிற்கிறேன். 'சந்தை' என்றாலே முகம் சுளிக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. ஆனால் ஆண்டை வீட்டு வாசலில் கூலிக்குக் காத்து நின்ற என் பாட்டிக்கும், கம்பெனி வேனில் ஏறிப்போய் மாதச் சம்பளம் வாங்கிய என் அம்மாவுக்கும் நடுவே வந்தது இந்த ஏற்றுமதிதான். 1991க்குப் பிந்தைய சந்தை தலித்துகளுக்குக் கதவு திறந்தது என்று சந்திரபான் பிரசாத் வாதிடும்போது என்னால் சிரித்துக் கடந்துவிட முடிவதில்லை.

அதற்காகச் சந்தைக்குச் சாதி தெரியாது என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படியுங்கள். ஒரே தகுதி, வேறு வேறு பெயர்களோடு தனியார் கம்பெனிகளுக்கு விண்ணப்பங்கள் போயின. தலித் பெயருக்கு அழைப்பு குறைவாக வந்தது.

இன்னொன்று. 2025 பட்ஜெட்டில் 'வெட் புளூ' தோலுக்கான அடிப்படைச் சுங்க வரியை முழுவதும் நீக்கினார்கள். சுண்ணாம்பில் ஊறவைத்து, முடி நீக்கி, குரோம் ஏற்றிய ஈரத்தோல் அது. அப்படியே இறக்குமதியானால் இங்கே சுண்ணாம்புக் குழி வேலை குறையும். அந்தக் குழியில் காலகாலமாக யார் இறங்கினார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செய்தியைப் படித்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷம்தான்.

டேனரியில் வேலை செய்யும் ஒரு அண்ணனிடம் போய்ச் சொன்னேன். கை விரல்களில் தோல் உரிந்து வெளுத்திருந்தது. "நல்லதுதாம்மா. குழி போனா நான் எங்க போறது? ஐம்பத்து மூணு வயசுல தையல் மெஷின்லயா உட்கார வைப்பாங்க?" என்றார். வரி நீக்கியவர்களும் பாராட்டியவர்களும் போட்ட கணக்கில் இந்தக் கேள்வி இல்லை. எனக்கும் அது தோன்றவில்லை, எம்.ஏ. சமூகவியல் படித்து என்ன பயன்.

அன்றைக்கே அவருடைய பி.எஃப். கணக்கைப் பார்க்க உட்கார்ந்தோம். இருபத்திரண்டு வருஷம் வேலை செய்திருக்கிறார். பதிவில் இருந்தது ஆறு வருஷம்.